கியர் பாக்ஸ் பழுதானால் பிரித்துச் சரிசெய்வதா, வேறு பெட்டி மாற்றுவதா?

பட்டறையில் "கியர் பாக்ஸ் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்று சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு ஆகும் என்பதுதான். பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய என் டீசல் காருக்கு அன்று ஒரு செகண்ட் ஹேண்ட் பெட்டி வாங்கி மாட்டினோம். ஐந்தே மாதத்தில், பழைய பெட்டியில் கேட்ட அதே உறுமல் அந்தப் பெட்டியிலும் கேட்டது. இரண்டாவது முறை வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனபோது, அவர் டிரைவ் ஷாஃப்ட்டை, அதாவது பெட்டியிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டைக் கழற்றி, ஆயில் சீல் (ஆயில் கசியாமல் தடுக்கும் வளையம்) உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து, என் விரலைப் பிடித்து அதன் மேல் வைத்தார். நகத்தை ஓட்டினால் தட்டும் அளவுக்கு அங்கே வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. எத்தனை புது சீல் போட்டாலும் அந்தப் பள்ளத்தின் வழியே ஆயில் கசிந்துகொண்டே இருக்கும். முதல் பெட்டியும் இரண்டாவது பெட்டியும் ஆயில் வற்றித்தான் கெட்டன. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பெட்டியை மட்டும் மாற்றியதால் ஒரே செலவை இரண்டு முறை செய்தேன். அந்த நிலை மற்றவர்களுக்கு வரக்கூடாது என்பதற்காகவே இந்த விளக்கத்தை எழுதுகிறேன்.

படி 1: பழுது கியர் பாக்ஸில்தானா என்று உறுதி செய்யுங்கள்

கியர் பாக்ஸ் மீது விழும் பழிகளில் கணிசமானவை உண்மையில் கிளட்சைச் சேர்ந்தவை. மேனுவல் கியர் காரில் கீழ்க்கண்ட சோதனைகளைக் கருவி ஏதும் இல்லாமல் நீங்களே செய்து பார்க்கலாம்.

காரை நியூட்ரலில் நிறுத்தி எஞ்சினை ஓடவிடுங்கள். கிளட்சை மிதிக்காதபோது கேட்கும் உறுமல், மிதித்ததும் நின்றுவிட்டால், எஞ்சினின் சுழற்சியைப் பெட்டிக்குள் கொண்டுவரும் தண்டான இன்புட் ஷாஃப்ட்டின் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். ஏனெனில் கிளட்ச் மிதிக்காத நிலையில் நியூட்ரலிலும் அந்த ஷாஃப்ட் சுழன்றுகொண்டிருக்கும். அதற்கு நேர்மாறாக, மிதிக்கும்போது மட்டும் சத்தம் வந்தால் அது பெரும்பாலும் கிளட்சை விலக்கும் ரிலீஸ் பேரிங்; அதற்கும் கியர் பாக்ஸுக்கும் தொடர்பில்லை.

அடுத்து, கிளட்சை முழுவதும் மிதித்துச் சில நொடிகள் காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கரகரவென்று அரைத்தால் கிளட்ச் முழுமையாக விலகவில்லை என்று பொருள். எல்லா கியரும் அரைத்தால் கிளட்ச்சையும், இரண்டாவது கியர் மட்டும் அரைத்தால் அந்த கியரின் சின்க்ரோ ரிங்கையும் (கியர் விழும்போது சுழலும் வேகத்தைச் சமமாக்கும் வளையம்) முதலில் பார்க்க வேண்டும். நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் பிளேட் தேய்ந்திருக்கிறது. கியர் போட்டு ஓடும்போது லீவர் தானாகவே நியூட்ரலுக்குத் துள்ளி வருவது மட்டும் பெரும்பாலும் பெட்டிக்கு உள்ளே இருக்கும் கோளாறு. ஆனாலும் கியர் கேபிளின் முனையில் உள்ள சிறு வளையமான புஷ் தேய்ந்து கியர் அரைகுறையாக விழுவதாலும் அப்படி நேரலாம் என்பதால், சில நூறு ரூபாய் பெறுமான அந்த புஷ்ஷைப் பார்க்காமல் பெட்டியை இறக்கச் சம்மதிக்காதீர்கள்.

படி 2: ஆயிலை இறக்கிப் பாருங்கள்

என்னைப் பொறுத்தவரை இதுதான் மிக முக்கியமான படி. முதலில் ஆயில் ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் டிரெயின் போல்ட்டில் கை வைக்க வேண்டும். ஆயில் முழுவதும் வெளியேறிய பிறகு மேல் போல்ட் துருப்பிடித்து இறுகியிருப்பது தெரிந்தால் கார் அங்கேயே நிற்க வேண்டியதுதான். சிறிது தூரம் ஓட்டி ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது, சுத்தமான வெள்ளைப் பாத்திரத்தில் இறக்குங்கள்.

எவ்வளவு ஆயில் வந்தது என்பதை அளந்து, கார் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். பாதிதான் வந்தது என்றால் கசிவு எங்கே என்பதைக் கண்டுபிடிப்பதே அடுத்த வேலை. பிறகு காந்தத்தைப் பாருங்கள். பல கார்களில் அது டிரெயின் போல்ட்டின் முனையிலேயே இருக்கும். சிலவற்றில் பெட்டிக்கு உள்ளே இருக்கும். அதில் சாம்பல் நிறப் பசைபோல் படிந்திருப்பது இயல்பான தேய்மானம். விரலால் தேய்க்கும்போது குத்துகிற செதில்கள் இருந்தால் பேரிங்கோ பல்சக்கரமோ உதிர்கிறது. ஆயிலுக்குள் பொன்னிறமாக மின்னும் துகள்கள் காந்தத்தில் ஒட்டாது. அவை பித்தளை சின்க்ரோ ரிங்குகளிலிருந்து வந்தவை. உடைந்த பல் ஒன்று வந்து விழுந்தால் அதற்குப் பிறகு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் வெள்ளத்தில் நின்ற, வெள்ளத்தில் ஓட்டப்பட்ட கார்களில் இதுவும் நேர்ந்தது. சூடான பெட்டி தண்ணீரில் மூழ்கிச் சட்டென்று குளிரும்போது, உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, மேலே உள்ள சுவாசக் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும். உடனே ஆயிலை இரண்டு மூன்று முறை மாற்றினால் தப்பிக்க வாய்ப்புண்டு. மாதக்கணக்கில் அப்படியே விட்டால் பேரிங்குகள் துருப்பிடித்துவிடும்.

படி 3: ஆட்டோமேட்டிக் என்றால் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

கிளட்ச் மிதி இல்லாத எல்லாக் கார்களையும் நாம் ஆட்டோமேட்டிக் என்றே சொல்கிறோம். ஆனால் பழுதின் தன்மை வகைக்கு வகை வேறுபடும். 2014-இல் மாருதி செலேரியோ மூலம் இந்தியாவில் பரவலான ஏ.எம்.டி. என்பது, சாதாரண மேனுவல் பெட்டியின் மீது கியரையும் கிளட்சையும் இயக்கும் ஒரு கருவியைப் பொருத்திய அமைப்பே. அதில் கியர் விழவில்லை என்றால் ஆக்சுவேட்டர் எனப்படும் அந்தக் கருவியையும் கிளட்சையும் பார்த்த பிறகே பெட்டிக்குப் போக வேண்டும். கிளட்ச் மாற்றிய பின் ஸ்கேனர் மூலம் புது கிளட்சின் நிலையைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்காமல் விட்டாலும் கார் உலுக்கும்.

எஞ்சினின் விசையை ஆயில் மூலம் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகையில் முதலில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். பி0700 என்ற குறியீடு வந்தால், கியர் பாக்ஸ் கணினி ஏதோ கோளாறைப் பதிவு செய்திருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். அதோடு வரும் மற்றக் குறியீடுகளே விவரத்தைச் சொல்லும் என்பதால், பி0700-ஐ மட்டும் காட்டிப் பெட்டி போய்விட்டது என்று சொல்பவரை நம்பாதீர்கள். ஒரு சாலினாய்டு (மின்சாரத்தால் இயங்கும் வால்வு), ஒரு சென்சார், வலுவிழந்த பேட்டரி ஆகியவைகூட காரை ஒரே கியரில் மாட்டிக்கொள்ளச் செய்யும். ஆனால் சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கரும்பழுப்பாகி, கருகிய வாடை அடித்தால் உள்ளிருக்கும் கிளட்ச் பிளேட்டுகள் எரிந்துள்ளன. வெறும் ஆயில் மாற்றத்தால் அவை திரும்பி வரா.

தனித்தனி கியர்களுக்குப் பதில் பெல்ட்டால் இயங்கும் சி.வி.டி. வகையில் எஃகு பெல்ட்டும் அது ஏறி இறங்கும் கப்பிகளும் கீறிவிட்டால், அந்தப் பெட்டியைத் திறந்து பழகிய கைகள் நம் ஊர்ப் பட்டறைகளில் மிகக் குறைவு என்பதால், முழுப் பெட்டியாக மாற்றுவதே பெரும்பாலும் நல்லது. இரட்டை கிளட்ச் கொண்ட டி.சி.டி. வகையில் பல சமயம் மெக்கட்ரானிக்ஸ் என்னும் மின்னணுப் பகுதியை மட்டும் மாற்றினால் போதும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளில் செயற்கை ஆயிலால் மின்கோளாறு வரக்கூடும் என்பதால், ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் 2013-இல் தன் ஏழு கியர் டி.எஸ்.ஜி. (டி.சி.டி.க்கு அந்த நிறுவனம் வைத்த பெயர்) கார்கள் சுமார் 16 லட்சத்தைத் திரும்ப அழைத்து மினரல் ஆயிலுக்கு மாற்றியது. பல்சக்கரங்களில் குறையில்லாத பெட்டியும் இப்படி நின்றுபோகலாம்.

படி 4: பெட்டியைத் திறந்து, நீங்கள் அருகில் நின்று பாருங்கள்

மேனுவல் பெட்டி என்றால், இறக்கிப் பிரிப்பதற்கான கூலியை முன்னதாகவே பேசிக்கொண்டு, மேற்கொண்டு என்ன செய்வதென்பதைப் பிரித்த பிறகு முடிவு செய்வதாகச் சொல்லுங்கள். பிரிக்கும் நாளில் பட்டறைக்குப் போங்கள். என் பெட்டியைப் பிரித்தபோது, அந்த மெக்கானிக் பழைய செய்தித்தாளை விரித்து, ஒவ்வொரு சின்க்ரோ ரிங்கையும் அதனதன் கியர் மீது வைத்து அழுத்தி, இடைவெளியில் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) நுழைத்துக் காட்டினார். புது ரிங்கில் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்; பல சிறு கார்களுக்கு 0.5 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ரிங்கை மாற்ற வேண்டும் என்பது கணக்கு. என் காரின் இரண்டாவது கியர் ரிங்கில் கேஜின் மெல்லிய தகடுகூட நுழையவில்லை.

பேரிங், ஆயில் சீல், சின்க்ரோ ரிங், கியரை நகர்த்தும் ஃபோர்க் ஆகியவற்றோடு தேய்மானம் நின்றிருந்தால் தயங்காமல் பிரித்துச் சரிசெய்யலாம். பல்சக்கரத்தின் பற்களில் அம்மைத் தழும்புபோல் குழிகள் விழுந்திருந்தால் அந்தச் சக்கரத்தையும் அதோடு இணையும் சக்கரத்தையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இப்படி இரண்டு ஜோடி கெட்டிருந்தால் செலவு எகிறிவிடும். பேரிங் உட்காரும் குழி தளர்ந்து, பேரிங்கின் வெளி வளையமே கேஸிங்குக்குள் (பெட்டியின் வெளிக்கூடு) சுற்றியிருந்தால் அந்தக் கேஸிங்கைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரம் உடைந்திருந்தாலும் வேறு பெட்டிதான் வழி.

படி 5: முழுக் கணக்கையும் போடுங்கள்

பெட்டியின் விலையை மட்டும் ஒப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும். எடுத்துக்காட்டாக, பிரித்துச் சரிசெய்யும் ஓவர்ஹாலுக்குப் பொருள்கள் 16,000 ரூபாய், கூலி 9,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செகண்ட் ஹேண்ட் பெட்டி 20,000 ரூபாய் என்றால் 5,000 ரூபாய் மிச்சம்போல் தோன்றும். ஆனால் அதை இறக்கி ஏற்றும் கூலி 5,000, சீல்களும் ஆயிலும் 3,000 என்று சேர்த்தால் 28,000 ஆகிவிடும். கிளட்ச் செட் மாற்றுவது இரண்டுக்கும் பொது. பெட்டி கீழே இறங்கியிருக்கும்போது தேய்ந்த கிளட்சை அப்படியே மாட்டுவது அதே கூலியை மீண்டும் கொடுக்கத் தயாராவதற்குச் சமம். புதுப் பெட்டியின் விலை காரின் சந்தை மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் அதை எடுக்கமாட்டேன். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளில் முடிந்து, பிறகு ஐந்தைந்து ஆண்டுகளுக்குத்தான் புதுப்பிக்கப்படும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அடியில் கல் மோதிக் கேஸிங் உடைந்திருந்தால் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு உடனே தெரிவித்து, காரை ஓட்டாமல் இழுத்துச் செல்லுங்கள். ஆயில் ஒழுக ஒழுக ஓட்டியதால் ஏற்படும் சேதத்தைச் சாதாரண பாலிசி ஏற்பதில்லை.

படி 6: செகண்ட் ஹேண்ட் பெட்டி வாங்குவதென்றால்

பழைய உதிரிபாகங்கள் விற்கும் சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் தேடும்போது கார் மாடலோடு ஆண்டையும் எஞ்சின் வகையையும் சொல்லுங்கள். ஒரே மாடலின் பெட்ரோல் பெட்டிக்கும் டீசல் பெட்டிக்கும் கடைசி ஜோடிச் சக்கரங்களின் பல் விகிதம் வேறாக இருக்கலாம். இன்புட் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றி, ஒவ்வொரு கியரையும் போட்டு, ஷாஃப்ட்டை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கேஸிங்கின் போல்ட் காதுகளில் வெல்டிங் வைத்த தடம் இருந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். எத்தனை நாள் டெஸ்டிங் வாரண்டி என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் மட்டுமே பதிவாகும் என்பதால், கியர் பாக்ஸ் மாற்றத்திற்காகப் பதிவில் திருத்தம் செய்ய வேண்டியதில்லை.

படி 7: மாட்டிய பிறகு

ஆட்டோமேட்டிக் பெட்டி என்றால் ஆயில் கூலரையும் குழாய்களையும் கழுவாமல் மாட்டவிடாதீர்கள்; பழைய பெட்டியின் இரும்புத் துகள்கள் கூலரில் தங்கியிருந்து புதுப் பெட்டியையும் கெடுத்துவிடும். மேனுவல் பெட்டிக்குப் புத்தகத்தில் ஜி.எல்.4 என்ற ஆயில் தரக் குறியீடு போட்டிருந்தால் அதையே ஊற்றுங்கள்; ஜி.எல்.5 ஆயிலில் உள்ள கந்தகக் கலவை சில பெட்டிகளின் பித்தளை ரிங்குகளை அரித்துவிடும். கார் சமதளத்தில் நிற்கும்போது மேல் போல்ட் துளையிலிருந்து வழியும்வரை ஊற்ற வேண்டும்.

முதல் வாரம் தினமும் காலையில் காரின் அடியில் ஓர் அட்டையை வைத்துச் சொட்டு விழுகிறதா என்று பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை ஒருமுறை இறக்கிக் காந்தத்தைத் துடைத்துப் பாருங்கள். என் காரில் இரண்டாவது முறை டிரைவ் ஷாஃப்ட்டையும் சேர்த்து மாற்றிய பிறகு, அட்டையில் ஒரு சொட்டும் விழவில்லை; காந்தத்தில் மெல்லிய சாம்பல் பசை மட்டுமே இருந்தது.