மலையகத்திலிருந்து மேல் வளிமண்டலத்தை அளத்தல்: வெப்பநிலையும் கொந்தளிப்பும்

ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குச் செல்பவர் ஏறத்தாழ 600 மீற்றர் ஏறுகிறார். ஒரு கிலோமீற்றருக்குச் சராசரியாக ஆறரைப் பாகை செல்சியஸ் வீதம் வெப்பநிலை குறைவதால், அந்தப் பயணத்திலேயே நான்கு பாகை குளிரை அவர் உடல் உணர்ந்துவிடுகிறது. இந்த இயற்கை ஏணி 2,524 மீற்றர் உயரமான பிதுருதலாகலவுடன் முடிந்துவிடுகிறது. ஆனால் வானிலை மாற்றங்கள் நிகழும் கீழ்ப்படையான மாறன் மண்டலத்தின் உச்சி நமது அகலாங்கில் 16, 17 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கு வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 80 பாகை. அவ்வளவு உயரத்துக்கு வெப்பமானியைக் கொண்டுசெல்லப் பலூனே எளிய வழியாகும்.

தொடங்குமுன் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். வழக்கமாகப் பறக்கவிடப்படும் பலூன்களில் கொந்தளிப்பை, அதாவது காற்றின் ஒழுங்கற்ற சுழற் கலக்கத்தை, அளப்பதற்கென்று தனிக் கருவி இருப்பதில்லை. வெப்பநிலை வரைபிலுள்ள சிறு நெளிவுகளிலிருந்தும், உயரத்துடன் காற்று மாறும் விதத்திலிருந்தும் அதை நாமே கணிக்கிறோம். ஆகவே வெப்பமானி அரைப் பாகை பொய் சொன்னாலும், வானத்தில் இல்லாத கொந்தளிப்பு நமது தாளில் தோன்றிவிடும். வேலையின் பெரும்பகுதி வெப்பநிலையைச் சரியாக அளப்பதிலேயே அடங்கியிருக்கிறது.

சொந்தமாகப் பலூன் விட விரும்பும் பாடசாலை, முதலில் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியையும், கருவி ஒலிபரப்பும் அலைவரிசைக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியையும் பெற வேண்டும். பலூனை நிரப்ப ஈலியத்தையே பயன்படுத்துங்கள். ஐதரசன் மலிவானது என்றாலும், சிறு தீப்பொறியே அதற்குப் போதும். மாணவர் கூடும் இடத்தில் அது வேண்டாம். தேயிலைத் தோட்டத்து மைதானம் ஏற்ற இடமே, ஆனால் மின்கம்பிகளும் உயர்ந்த யூகலிப்டஸ் மரங்களும் காற்று வீசும் திசையில் இல்லாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். சொந்தப் பலூனுக்கு வசதியில்லாதோர், உலக வானிலை நிலையங்களின் பலூன் அளவீடுகளை அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழக இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம். அவை பெரும்பாலும் இலங்கை நேரம் காலை 5.30, மாலை 5.30 என்ற இரு வேளைகளுக்கு உரியவை.

வெப்பமானியைச் சோதிக்க, உருகும் பனிக்கட்டியும் நீரும் கலந்த கலவையை வெந்நீர்க் குடுவையில் இட்டு, உணரியை அதில் வைத்துப் பூச்சியம் காட்டுகிறதா என்று பாருங்கள். கொதிநீரை 100 பாகை என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் இங்கே பிழையில் முடியும். நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. பறக்கவிடுவதற்குக் கால் மணி நேரம் முன்பே கருவியை வெளியே கொண்டுவந்து, நிழலில், காற்றோட்டத்தில் வைக்க வேண்டும். இல்லையேல் அறையின் வெப்பம் முதல் சில நூறு மீற்றர் அளவீடுகளைக் கெடுத்துவிடும்.

அடுத்த பகை சூரியன். மேலே காற்று ஐதாகிக்கொண்டே போவதால், வெயில் பட்ட உணரியின் வெப்பத்தை அகற்றப் போதிய காற்று இருப்பதில்லை. ஆகவே உயரம் கூடக் கூடப் பிழையும் கூடும். வெயிலில் சூடான பலூனின் பின்னால் இழுபடும் காற்றும் உணரியைத் தொடும் என்பதால், கயிறு குறைந்தது 30 மீற்றராவது இருக்க வேண்டும். இரவே சிறந்த வேளை. பிரான்ஸின் வானிலை ஆய்வாளர் தெய்ஸ்ரென் த போர், ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் வெப்பநிலை குறையாமல் நிற்பதைக் கண்டபோது, அது வெயிலின் ஏமாற்றோ என்று ஐயுற்று இரவிலும் பலூன்களை விட்டுப் பார்த்த பின்பே 1902இல் அறிவித்தார். மாறன் மண்டலத்துக்கு மேலுள்ள படை மண்டலம் அறியப்பட்டது அந்தப் பொறுமையினால்தான். பலூன் வினாடிக்கு 5 மீற்றர் வீதம் ஏறினால் 30 கிலோமீற்றரை எட்ட 100 நிமிடங்கள் ஆகும். எனவே முழுப் பயணமும் இருளில் நடக்க வேண்டுமானால் அதிகாலை மூன்றரை மணிக்கு முன் விட வேண்டும்.

மலையகத்தில் நாம் மிகவும் அஞ்ச வேண்டியது மூடுபனியும் முகிலுமே. முகிலுக்குள் நனைந்த உணரி, முகிலின் மேற்பரப்பைத் தாண்டி உலர்ந்த காற்றுக்குள் நுழைந்ததும், ஈரம் ஆவியாகி உண்மையான வெப்பநிலைக்கும் கீழே குளிர்கிறது. வரைபில் அது, கிலோமீற்றருக்கு 9.8 பாகை என்ற உலர் காற்றின் எல்லையையும் மீறிய சரிவாகத் தெரியும். கணக்கோ அதைக் கடும் கொந்தளிப்பு என்று சொல்லும். நானும் தொடக்கத்தில் அப்படியொரு படையைக் கண்டு மகிழ்ந்து, ஈரப்பதனின் நிரலைப் பார்த்த பிறகே உண்மையை உணர்ந்தேன். ஈரப்பதன் நூறு வீதத்தையொட்டி இருந்து சட்டென்று வீழும் இடத்துக்குச் சற்று மேலுள்ள எந்தக் கொந்தளிப்பையும் ஏற்காதீர்கள்.

இனிக் கணக்கு. வெவ்வேறு உயரத்துக் காற்றை ஒப்பிட, ஒவ்வொன்றையும் 1000 ஹெக்டோபாஸ்கல் அமுக்கத்துக்குக் கொண்டுவந்தால் அது பெறும் வெப்பநிலையைக் காண வேண்டும்; இதை இங்கு நிலை வெப்பநிலை என்போம். ஆயிரத்தை அமுக்கத்தால் வகுத்து, 0.286 என்ற அடுக்குக்கு உயர்த்தி, கெல்வினில் உள்ள வெப்பநிலையால் பெருக்கினால் அது கிடைக்கும். நுவரெலியாவில் அமுக்கம் 810, வெப்பநிலை 288 கெல்வின் எனில், விடை ஏறத்தாழ 306.

பின்பு ரிச்சர்ட்சன் எண்: ஒரு படையின் நிலைத்தன்மையைக் காற்றின் மாற்றத்துடன் ஒப்பிட்டு, அங்கு கொந்தளிப்பு எழுமா என்று காட்டும் எண். ஒரு படையில் நிலை வெப்பநிலை ஒரு மீற்றருக்கு எவ்வளவு கூடுகிறது என்பதை 9.8 ஆல் பெருக்கி, சராசரி நிலை வெப்பநிலையால் வகுக்கவும். வந்ததை, காற்றின் வேகம் ஒரு மீற்றருக்கு மாறும் அளவின் வர்க்கத்தால் வகுக்கவும். 500 மீற்றர் தடிப்புள்ள படையில் நிலை வெப்பநிலை 330ஐ ஒட்டி ஒன்றரைக் கெல்வின் கூடி, காற்று வினாடிக்கு 10 மீற்றர் மாறினால் விடை 0.22. 0.25 என்ற எல்லைக்குக் கீழே இருப்பதால் அங்கு கொந்தளிப்பு எழக்கூடும். அதே படையில் காற்று 5 மீற்றர் மட்டுமே மாறினால் விடை 0.89 ஆகிவிடும், கொந்தளிப்பை எதிர்பார்க்க இடமில்லை. காற்றின் திசை மாற்றத்தையும் சேர்க்க, கிழக்கு மேற்கு, வடக்கு தெற்குக் கூறுகளைத் தனித்தனியே எடுத்துக் கணிப்பதே முறை.

வினாடிக்கு வினாடி பதிவான தரவு கையிலிருந்தால் தோர்ப் முறை இன்னும் நுணுக்கமானது. அமைதியான காற்றில் நிலை வெப்பநிலை மேலே போகப் போகக் கூடிக்கொண்டே இருக்க வேண்டும். கலக்கம் உள்ள இடத்தில் வரிசை குலைந்திருக்கும். எண்களை ஏறுவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றும் தன் இடத்திலிருந்து எத்தனை மீற்றர் நகர வேண்டியிருந்தது என்று பாருங்கள். அந்தத் தூரம் சுழல்களின் பருமனைச் சொல்லும். உணரியின் சொந்த நடுக்கத்தைவிடச் சிறிய குலைவுகளைக் கழித்துவிட வேண்டும். சில உயரங்களுக்கு மட்டும் தரவு தரும் அட்டவணைகளுக்கு இம்முறை பொருந்தாது.

பலூன் வெடிக்கும் உயரத்துக்கு அப்பால் லேசர்க் கருவிகளும் ரேடார்களுமே துணை. நமக்கு அண்மையில், திருப்பதிக்கு அருகிலுள்ள கடங்கியில் 53 மெகாஹேட்ஸ் ரேடார் ஒன்று, திரும்பிவரும் அலை எவ்வளவு அகன்றிருக்கிறது என்பதைக் கொண்டு கொந்தளிப்பை அளக்கிறது.

எங்கே தேடுவது? தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் நமது மலைகளின் மேல் கீழ்க்காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. 14 முதல் 16 கிலோமீற்றர் உயரத்திலோ கிழக்கிலிருந்து அருவிக்காற்று எனப்படும் வேகமான காற்றோட்டம் ஒன்று ஓடுகிறது. இடையில் எங்கோ காற்று பூச்சியமாகித் திசை மாற வேண்டும். மலைகளில் மோதி எழும் காற்றலைகள் அந்த உயரத்தைக் கடந்து மேலே செல்ல இயலாமல் அங்கேயே உடைகின்றன. எனவே யூன் முதல் ஓகஸ்ட் வரையான தரவில், மேற்குக் காற்று கிழக்காக மாறும் உயரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதற்குச் சற்றுக் கீழேயும் அருவிக்காற்றின் மேல், கீழ் விளிம்புகளிலும் ரிச்சர்ட்சன் எண்ணைக் கணித்துப் பாருங்கள்.