பிவிசியைச் சிபிவிசியாக மாற்றும் குளோரினேற்ற முறை

குழாய்களுக்குப் பயன்படும் பாலிவினைல் குளோரைடு பிளாஸ்டிக்கான பிவிசியின் எடையில் சுமார் 56.7 விழுக்காடு ஏற்கெனவே குளோரின்தான். அதை 67 விழுக்காடு வரை உயர்த்தினால், 80 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகிவிடும் அந்தப் பிளாஸ்டிக், வெந்நீர்க் குழாய்க்குத் தகுந்த சிபிவிசி, அதாவது குளோரினேற்றிய பிவிசி, ஆகிறது. இதற்குப் பிவிசியின் நீண்ட மூலக்கூறுத் தொடரில், திரும்பத் திரும்ப வரும் அலகுகளில் இரண்டுக்கு ஏறத்தாழ ஒரு ஹைட்ரஜன் வீதம் நீக்கி, அவ்விடத்தில் குளோரினை அமர்த்த வேண்டும். குளோரின் உயிரைப் பறிக்கக்கூடிய நச்சு வாயு என்பதால், மூடிய வினைகலனும் வெளியேறும் வாயுவைக் காரக் கரைசலில் உறிஞ்சும் அமைப்பும் உள்ள ஆலையில் மட்டுமே இவ்வேலையைச் செய்யலாம். வீட்டிலோ சாதாரணப் பட்டறையிலோ முயலவே கூடாது.

முதலில் பிவிசித் தூளைத் தேர்ந்தெடுப்பதில் பொறுமை வேண்டும்; என் கணிப்பில் பாதி வெற்றி இங்கேயே தீர்மானமாகிறது. துகள்கள் நுண்துளைகள் நிறைந்தவையாக இருந்தால்தான் குளோரின் அவற்றின் உள்ளே வரை பரவும். இறுகிய துகளில் மேற்பரப்பு மட்டும் அளவுக்கு மீறிக் குளோரினேற்றம் அடைய, உட்பகுதி பழைய பிவிசியாகவே நின்றுவிடும்; சராசரி அளவு சரியாக இருந்தாலும், அத்தகைய பொருள் வெப்பத்தில் சீராக நடந்துகொள்ளாது.

தூளை நீரில் கலக்கித் தொங்கலாக்கி (துகள்கள் கரையாமல் நீரில் பரவி நிற்கும்படி செய்து), வெற்றிடத்தாலோ நைட்ரஜனாலோ கரைந்த ஆக்சிஜனை வெளியேற்றவும். ஆக்சிஜன் எஞ்சியிருந்தால், அது தனி உறுப்புகளை (இணையாத எலக்ட்ரான் கொண்ட, எளிதில் வினைபுரியும் துணுக்குகளை) பிடித்துக்கொண்டு தொடர்வினையைத் தடுக்கும். பின்னர் குளோரினைச் செலுத்தி, இடைவிடாது கலக்கியபடியே புற ஊதா ஒளியைப் பாய்ச்ச வேண்டும். ஒளி குளோரின் மூலக்கூறைப் பிளக்க, பிறக்கும் குளோரின் அணு தொடரிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறிக்க, காலியான இடத்தில் வேறொரு குளோரின் அணு வந்து இணைகிறது. வினை வெப்பத்தை உமிழ்வதால், குளிர்விப்பதற்கான ஏற்பாடு தொடக்கம் முதலே தயாராக இருக்க வேண்டும்.

இணையும் ஒவ்வொரு குளோரின் அணுவுக்கும் ஒரு ஹைட்ரஜன் குளோரைடு மூலக்கூறு வெளிப்பட்டு, நீரில் கரைந்து அமிலமாகிறது. துகளின் துளைகளில் சிறிதளவு அமிலம் தங்கினாலும், பின்னர் உருக்கும்போது தொடர் சிதைந்து பொருள் மஞ்சளாகும். ஆகவே பலமுறை கழுவி, மென்காரத்தால் நடுநிலையாக்கி, மிதமான வெப்பத்தில் உலர்த்த வேண்டும். இந்தக் கட்டத்தில் அவசரப்படுவது மிகக் கேடு.

இறுதியில் சிறு மாதிரியை ஆக்சிஜன் குடுவையில் எரித்து, கரைசலில் சேரும் குளோரைடை வெள்ளி நைட்ரேட் கரைசலால் தரம் பார்த்தால் (எவ்வளவு கரைசல் செலவாகிறது என அளந்தால்) குளோரின் அளவு தெரியும். கிடைத்த பிசின் பிவிசியைவிட எளிதில் நொறுங்கும். எனவே வெப்ப நிலைப்படுத்திகளையும் தாக்குதலைத் தாங்கச் செய்யும் சேர்க்கைப் பொருள்களையும் கலந்த பிறகே அதைக் குழாயாக உருவாக்கலாம்.