ரோமில் கப்பல் நிற்காது

சொகுசுக் கப்பல் விளம்பரத்தில் ‘ரோம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கப்பல் நிற்பது சிவிட்டவெக்கியாவில். பேரரசர் டிராஜன் கட்டிய பழம்பெரும் துறைமுகம்தான், ஆனால் ரோமுக்கு அங்கிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ‘ஃபுளோரன்ஸ்’ என்றால் லிவோர்னோ, சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி. ‘ஏதென்ஸ்’ என்றால் பிரேயஸ் துறைமுகம். இது பரவாயில்லை, மெட்ரோ பிடித்தால் அக்ரோபோலிஸ் அடிவாரத்தில் மோனாஸ்டிராக்கியில் இறங்கிவிடலாம். ‘வெனிஸ்’ இன்னும் மோசம். 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் நகரின் நடுவே இருக்கும் சான் மார்கோ பக்கம் போகக் கூடாது. அதனால் மார்கெரா, டிரியெஸ்டே, ரவென்னா என்று எங்கேயாவது இறக்கிவிடுவார்கள்.

எனவே மத்தியதரைக் கடல் பயணத்துக்குப் பணம் கட்டும் முன், கப்பலில் எத்தனை நீச்சல் குளம் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, பயணத் திட்டத்தையும் ஒரு வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொரு ஊருக்கும் எதிரே நான் எழுதிக்கொள்வது இவ்வளவுதான்: எப்போது வந்து எப்போது கிளம்புகிறது, துறையில் கட்டுகிறதா இல்லை தள்ளி நங்கூரம் போடுகிறதா, இறங்கிய இடத்திலிருந்து பழைய நகரத்தின் வாசலுக்கு எவ்வளவு தூரம்.

எட்டு மணிக்கு வந்து ஐந்து மணிக்குக் கிளம்பும் என்றால் ஒன்பது மணி நேரம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். இறங்கவே அரை மணி போகும். கிளம்புவதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்னதாக எல்லோரும் ஏறியாக வேண்டும். மிச்சம் ஏழரை. ரோம் மாதிரி ஊருக்குப் போக, வர என்று மூன்று மணி கழித்தால் நாலரை. அதில் கொலோசியம், வத்திக்கான் இரண்டையும் பார்க்க ஆசைப்பட்டால் ஒன்றையும் பார்த்த மாதிரி இருக்காது. ஒன்றை விட்டுவிடுங்கள்.

கிழமையும் முக்கியம். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். ஃபுளோரன்ஸின் உஃபிஸி ஓவியக்கூடத்துக்குத் திங்கள் விடுமுறை. வாராவாரம் ஒரே வட்டம் அடிக்கும் கப்பல் ஒரே கிழமையில்தான் ஒரே ஊருக்கு வரும், ஆகவே அடுத்த வாரத்துக்கு மாற்றினாலும் பயனில்லை. வேறு வழித்தடம்தான் பார்க்க வேண்டும்.

விசா தேவைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இத்தாலி, கிரீஸ், மால்ட்டா, 2023 முதல் குரோஷியா எல்லாம் ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் பகுதி. துருக்கியும் மாண்டினீக்ரோவும் வெளியே. நடுவில் துருக்கியின் குஷாதாசியில் இறங்கிவிட்டு கிரீஸுக்குத் திரும்பினால் அது இரண்டாவது நுழைவு. பலமுறை நுழையும் விசாவாகவே கேட்டு வாங்குங்கள்.

சரி, எந்த ஊர்களைத் தேர்ந்தெடுப்பது? என் கட்சி தெளிவானது: கோட்டைச் சுவரும் கப்பல் துறையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ஊர்கள். ரோமும் ஃபுளோரன்ஸும் தனியாகப் போய்த் தங்கிப் பார்க்க வேண்டியவை. கிரீஸின் ரோட்ஸ், மால்ட்டாவின் வலெட்டா, மாண்டினீக்ரோவின் கோட்டோர் இவைதான் கப்பலில் வருகிறவர்களுக்கு ஏற்றவை.

கோட்டோருக்கு வரும் நாளில் விடியும்போதே மேல் டெக்குக்குப் போய்விடுங்கள். இரண்டு பக்கமும் மலை நெருக்க, வெரிகே என்ற குறுகலில் நுழைந்து கப்பல் உள்ளே திரும்பும். பெராஸ்ட் ஊருக்கு எதிரே இரண்டு குட்டித் தீவுகள். ஒன்று கல்லையும் பழைய படகுகளையும் மூழ்கடித்து மனிதர்களே உண்டாக்கியது. இதற்காகப் பால்கனி அறைக்குக் காசு கொடுக்க வேண்டாம், டெக்கில் இரண்டு பக்கமும் தெரியும். என் வீட்டுக்காரர் இந்த நேரத்தில் தூங்குவார், அது அவர் பாடு. இறங்கிச் சாலையைக் கடந்தால் 1555இல் கட்டிய கடல் வாசல். அதன் மேலே 21-11-1944 என்று நகரம் விடுதலையான தேதி செதுக்கியிருக்கும். கோட்டைக்கு ஏற 1,350 படிகள். வெயில் ஏறும் முன் முடித்துவிடுங்கள்.

வலெட்டாவில் படி ஏற வேண்டாம். துறைக்குக் கொஞ்ச தூரத்திலேயே லிஃப்ட் இருக்கிறது, நேரே அப்பர் பராக்கா தோட்டத்தில் விடும். மதியம் 12க்கு அங்கே பீரங்கி வெடிப்பார்கள். புனித யோவான் பேராலயத்தில் கராவாஜியோ 1608இல் தீட்டிய ‘யோவானின் தலை வெட்டு’ இருக்கிறது. அவர் கையெழுத்துப் போட்ட ஒரே ஓவியம். கீழே சிந்திய ரத்தத்திலிருந்தே எழுத்து கிளம்புவதை அருகில் போய்ப் பாருங்கள்.

குரோஷியாவின் துப்ரோவ்னிக்கில் கப்பல் நிற்பது குரூஜ் துறைமுகத்தில், பழைய நகரம் மூன்று கிலோமீட்டர். பஸ் உண்டு. அன்றைக்கு எத்தனை கப்பல் வருகிறது என்பதைத் துறைமுகத்தின் இணைய அட்டவணையில் முன்கூட்டியே பார்க்கலாம். கூட்டமான நாளென்றால் திறந்தவுடன் கோட்டைச் சுவர் மேல் ஏறுங்கள், சுற்று இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

கிரீஸின் சாண்டோரினித் தீவில் சொகுசுக் கப்பல் கட்டத் துறை கிடையாது, கப்பலிலிருந்து கரைக்கு ஆளேற்றும் டெண்டர் படகுதான். கடல் கொந்தளித்தால் அந்த ஊரையே ரத்து செய்துவிடுவார்கள், அதனால் அதை மட்டும் நம்பிப் பயணத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். திரும்பும்போது மேலே ஊரிலிருந்து படகுத்துறைக்கு இறங்கும் கேபிள் கார் வரிசை நீளமாக இருக்கும், ஒன்றரை மணி முன்பே போய் நில்லுங்கள்.

பழங்கால நகரமான எபேசஸின் இடிபாடுகள் குஷாதாசியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். மேல் வாசலில் நுழைந்தால் எல்லாம் இறக்கம்தான். சரிவில் அடுக்கடுக்காக இருக்கும் ரோமானியர் கால வீடுகளுக்குத் தனிச் சீட்டு, கட்டாயம் எடுங்கள். பெரிய அரங்கத்தின் முன்னாலிருந்து துறைமுகத் தெரு நேராக ஓடிச் சதுப்பு நிலத்தில் முடியும். ஆறு வண்டல் கொட்டிக் கொட்டிக் கடல் பல கிலோமீட்டர் விலகிவிட்டது.

இத்தாலியிலிருந்து கிரீஸுக்குப் போகும்போது கடிகாரம் ஒரு மணி முன்னேறும். கப்பல் தன் நேரத்தை மாற்றியிருக்கலாம், மாற்றாமலும் இருக்கலாம். கைபேசி தானாக மாறிக்கொள்ளும். ஆகவே கப்பல் நேரத்தில் ஒரு கைக்கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். கைபேசியைக் கடலில் விமானப் பயன்முறையில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் கப்பலின் செயற்கைக்கோள் வலையமைப்பில் ஒட்டிக்கொண்டு பில் எகிறும்.

அப்புறம், நடந்து போகும் தூரமென்றால் தனியாகப் போங்கள். ஒரு மணிக்கு மேல் பயணமென்றால் கப்பலே நடத்தும் சுற்றுலாவில் சேருங்கள். அந்த பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், தனியாகப் போனவருக்காகக் காத்திருக்காது. கப்பலில் தினமும் கொடுக்கும் நிகழ்ச்சித் தாளில், கப்பலைத் தவறவிட்டால் கூப்பிட வேண்டிய துறைமுக முகவரின் எண் இருக்கும், இறங்கும் முன் அதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.