நீலகிரி எஸ்டேட் ரோட்டில் மலைச் சைக்கிள்: முதலில் இறங்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கோவை, ஈரோடு பக்கமிருந்து கியர் சைக்கிளைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு நீலகிரிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தார் ரோட்டில் ஓட்டிப் பழகியவர்கள்தான். அவர்களில் முதன்முறையாக மண் பாதைக்குள் நுழைய நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சைக்கிள் ஓட்டத் தெரியும், கியர் மாற்றத் தெரியும், பஞ்சர் ஒட்டத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஏற்றத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகலாம். ஆளைக் கீழே தள்ளுவது இறக்கம்தான்.

1. எங்கே ஓட்டுவது

செயற்கைக்கோள் படத்தில் நீலகிரியைப் பெரிதாக்கிப் பார்த்தால் எங்கும் பாதைகளாகத் தெரியும். அவற்றில் பலவற்றில் நீங்கள் கால் வைக்கவே கூடாது. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். முதுமலை, மசினகுடிப் பக்கம் புலிகள் காப்பகம். அங்கே மண் பாதையில் சைக்கிள் என்ற எண்ணமே வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் பலர் இறந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. 2024இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' பாதைகளும் வழிகாட்டியோடு நடந்து போகிறவர்களுக்கானவை. அவற்றில் சைக்கிளை எடுத்துச் செல்ல நினைக்காதீர்கள்.

தொடங்குகிறவர்களுக்கு எஸ்டேட் ரோடுதான் சரி. குன்னூர், கோத்தகிரி சுற்றிலும் தேயிலைத் தோட்டங்களுக்குள் கொழுந்து ஏற்றும் டிராக்டரும் ஜீப்பும் போய்வர மண் பாதைகள் இருக்கின்றன. அகலம் போதும், சரிவும் பெரும்பாலும் சீராக இருக்கும். தேயிலைச் செடி இடுப்பு உயரம்தான் என்பதால் அடுத்த வளைவில் என்ன வருகிறது என்று முன்பே தெரிந்துவிடும். அது தனியார் நிலம். ஆகவே எஸ்டேட் ஆபீஸில் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகளின் தோட்டங்கள் நிறைய உண்டு; ஹட்டியில் (படுகர் ஊரில்) யாரையாவது விசாரித்தால் எந்தப் பாதை எங்கே முடிகிறது என்று படத்தைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். நான் வைத்திருக்கும் விதி இது: தேயிலை முடிந்து சோலையோ (மலையின் இயற்கைக் காடு) சீகைக்காடோ (வாட்டில் மரக்காடு) தொடங்கினால், அங்கேயே வண்டியைத் திருப்பிவிட வேண்டும்.

பருவம் முக்கியம். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் வடகிழக்குப் பருவமழை பலமாகப் பெய்யும். அக்டோபர், நவம்பரில் மண்சரிவு வழக்கம். ஜனவரி முதல் மார்ச் வரை மண் பெரும்பாலும் காய்ந்து நன்றாக இருக்கும். காரில் வருகிறவர்களுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் நடைமுறை இருக்கிறது. கிளம்புவதற்கு முன் அப்போதைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. வண்டி

முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சாதாரண ஹார்ட்டெயில் போதும். குறைந்த விலையில் முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்து வரும் வண்டிகளை வாங்காதீர்கள். எடை கூடும், மிதிக்கும் பலத்தில் ஒரு பங்கை ஸ்பிரிங் விழுங்கிவிடும். கையில் கொஞ்சம் பணம் மிஞ்சினால் முதலில் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், அடுத்து நல்ல டயர், அப்புறம்தான் ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கவை). கடையில் எல்லோரும் ஃபோர்க்கைத்தான் முதலில் பார்க்கிறார்கள், அது தவறான வரிசை. ஷிமானோ எம்டி200 போன்ற அடிப்படை ஹைட்ராலிக் பிரேக்கே இந்த மலைக்குப் போதும். கேபிளால் இழுக்கும் டிஸ்க் பிரேக் (கேபிள் டிஸ்க்) மோசமில்லை, ஆனால் நீண்ட இறக்கத்தில் கை சீக்கிரம் களைத்துவிடும்.

டயர் 2.2 அங்குலமாவது இருக்கட்டும். சைக்கிள் கடையில் கல்லாகக் காற்றடித்துத் தருவார்கள். மண்ணில் அது ஆகாது, டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளும். 65, 70 கிலோ எடையுள்ளவர் டியூப் போட்ட டயரில் முன்னால் 26, பின்னால் 29 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்துத் தொடங்கலாம். டியூப்லெஸ் என்றால் ஒவ்வொரு டயரிலும் மூன்று, நான்கு பிஎஸ்ஐ குறைக்கலாம். அதற்கும் கீழே போனால் கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை விழும். அளவுமானி உள்ள ஃபுட் பம்ப் ஒன்று சொந்தமாக வாங்கிவிடுங்கள்.

3. பிரேக்

இந்தப் பகுதியை மட்டும் அவசரமில்லாமல் படியுங்கள்.

"முன் பிரேக்கைப் பிடிக்காதே, குப்புற விழுவாய்" என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கத்தோடு மலையில் இறங்கினால் பின்சக்கரம் மட்டும் பூட்டிக்கொண்டு சறுக்கும், வண்டி நிற்காது. பிரேக் பிடித்ததும் உடல் எடை முன்னால் சாய்கிறது. முன்சக்கரம் தரையில் நன்றாக அழுந்துகிறது, பின்சக்கரம் லேசாகிறது. ஆகவே நிறுத்தும் வலு பெரும்பகுதி முன்சக்கரத்தில்தான் இருக்கிறது. இறக்கத்தில் இன்னும் அதிகம். குப்புற விழுவதற்குக் காரணம், கையைத் தளரவிட்டு, எடையை முன்னால் வைத்துக்கொண்டு, திடீரென்று இறுக்கிப் பிடிப்பது.

எந்தக் கை எந்தச் சக்கரம் என்று முதலில் பாருங்கள். நம் ஊரில் பல வண்டிகளில் வலக்கை முன்சக்கரத்துக்கு. மாற்றிப் பூட்டியவையும் உண்டு. வாடகை வண்டியோ நண்பரின் வண்டியோ என்றால் நின்ற இடத்திலேயே அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

அடுத்து லீவரைக் கொஞ்சம் உள்பக்கமாக நகர்த்துங்கள். ஆள்காட்டி விரல் லீவரின் நுனி வளைவில் உட்கார வேண்டும். நுனியில் பிடித்தால் ஒரு விரலே போதும், மற்ற விரல்கள் ஹேண்டிலைக் கெட்டியாகப் பற்றியிருக்கும். கேபிள் டிஸ்க் என்றால் இரண்டு விரல். லீவர் எட்டாத தூரத்தில் இருந்தால், அதில் உள்ள சின்ன ஸ்குருவை ஆலன் கீயால் திருப்பி அருகில் கொண்டுவரலாம்.

இனி சமதரைப் பயிற்சி. மண் தரையாக இருக்கட்டும். பெடல் இரண்டையும் கிடைமட்டமாக வைத்து எழுந்து நில்லுங்கள், இடுப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, குதிகாலைத் தாழ்த்துங்கள். நிதானமான வேகத்தில் வந்து, ஓரிடத்தில் பின் பிரேக்கை மட்டும் பிடித்து, எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பிறகு அதே வேகத்தில் வந்து முன் பிரேக்கை மட்டும், எலுமிச்சை பிழிவதுபோல மெல்ல அழுத்தம் கூட்டிப் பிடியுங்கள். நிற்கும் தூரம் வெகுவாகக் குறையும். கடைசியில் இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். இரண்டு மாலை இதை மட்டும் செய்தாலே கைக்குப் பயம் போய்விடும்.

இறக்கத்துக்கு வந்ததும் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, வளைவுக்கு முன்னால், வண்டி நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கை விட்டுவிடுவது. டயருக்கு இருக்கும் பிடிமானம் ஓரளவுதான். திரும்புவதற்கும் நிறுத்துவதற்கும் ஒரே நேரத்தில் கேட்டால் அது தராது. இரண்டு, லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்காமல் இருப்பது. அப்படி இறங்கினால் டிஸ்க் சூடேறிக்கொண்டே போகும், டிஸ்க்கைக் கவ்வும் பேட் வழவழப்பாகிவிடும், ஒரு கட்டத்தில் எவ்வளவு அழுத்தினாலும் வேகம் குறையாது. அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி பிடியுங்கள். சூடான வாடை வந்தால் நின்று ஆறவிடுங்கள். டிஸ்க்கைத் தொடாதீர்கள், தண்ணீரும் ஊற்றாதீர்கள்.

பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்குவது சாகசமாகத் தெரியலாம். ஆனால் அது மண்ணைக் கீறிவிடுகிறது. அடுத்த மழையில் தண்ணீர் அந்தக் கீறலில் இறங்கி ஓடை பறித்துவிடும். ரோட்டைப் போட்டவர் எஸ்டேட்காரர். ஒரே பருவத்தில் அது கெட்டால் கேட்டைப் பூட்டுவார், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

4. பாதையில்

இறங்குவதற்கு முன் சீட்டைத் தாழ்த்துங்கள். பார்வை முன்சக்கரத்தில் வேண்டாம். அடுத்து போகப்போகும் இடத்தில் இருக்கட்டும்.

எஸ்டேட் ரோட்டில் மழைத்தண்ணீர் ஓடிவிட, குறுக்கே சாய்வாகக் கால்வாய் வெட்டியிருப்பார்கள். பாதையோடு போனால் சக்கரம் அதில் சிக்கி வழுக்கும். கொஞ்சம் திரும்பி, கால்வாயை நேர்க்குத்தாகக் கடந்துவிட்டு மறுபடி பாதைக்கு வாருங்கள். கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களுக்குக் கீழே உதிர்ந்து கிடக்கும் பட்டையும் காய்களும் டயருக்கு அடியில் உருளும். அங்கே பிரேக்கும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம். நேராக மிதந்து போய்விடுங்கள்.

கொழுந்து பறிக்கிறவர்கள் சுமையோடு வந்தால் நின்று வழிவிடுங்கள். மணி அடித்து விரட்டக் கூடாது. அவர்கள் வேலை செய்யும் இடத்துக்கு நாம்தான் விருந்தாளி.

விடியற்காலையும் அந்தியும் வேண்டாம். காட்டுமாடும் கரடியும் தோட்டத்துக்குள் நடமாடும் நேரம் அது. வெயில் நன்றாக ஏறிய பிறகு தொடங்கி, நான்கு மணிக்குள் தார் ரோட்டுக்கு வந்துவிடுங்கள். காட்டுமாடு எதிரே நின்றால் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து, மெல்லப் பின்வாங்குங்கள். அது அசையாமல் பார்த்துக்கொண்டு நிற்பதை சாதுவாக இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, பக்கவாட்டில் நுழைந்து கடக்கப் பார்க்காதீர்கள்.

படித்துவிட்டுக் கேட்டவர்களுக்காகச் சேர்த்தது:

மழைக்கு மறுநாள் ஓட்டலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். செம்மண் டயரில் அப்பிக்கொண்டால் அன்றைக்கு வேண்டாம், பாதையும் கெடும். கல் பாவிய ரோடு என்றால் ஓட்டலாம், ஆனால் பாசி பிடித்த கல்லைத் தவிருங்கள்.

சர்வீஸ் விட்டு வந்ததும் பிரேக் கத்துகிறது, பிடிக்கவும் இல்லை என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலும் செயினுக்கு அடித்த ஸ்பிரே டிஸ்க்கிலும் பட்டிருக்கும். டிஸ்க்கை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடையுங்கள். பேட் எண்ணெய் குடித்திருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. புதுப் பேட் போட்ட கையோடு மலைக்குக் கிளம்பாதீர்கள். சமதரையில் வேகமாக வந்து, நடக்கும் வேகத்துக்குக் குறைத்து, மறுபடி வேகமெடுத்து, இப்படி 20 முறையாவது செய்தால்தான் பேட் டிஸ்க்கோடு படிந்து முழுப் பிடி கொடுக்கும். முன்சக்கரத்துக்குத் தனியாக, பின்சக்கரத்துக்குத் தனியாகச் செய்யுங்கள்.