கிராம சபைக்குப் போகும் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

அரசு நிர்வாகத்தில் நமக்கும் பங்கு வேண்டும் என்று நினைக்கிற கல்லூரி மாணவர்கள் பலர், அதற்கு முதலில் ஐஏஎஸ் ஆக வேண்டும் அல்லது ஏதாவது ஒரு கட்சியில் சேர வேண்டும் என்று நம்பிவிடுகிறார்கள். இதுதான் முதல் தவறு. 18 வயது நிரம்பி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தாலே நீங்கள் கிராம சபை உறுப்பினர். யாருடைய சிபாரிசும் தேவையில்லை.

விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் இங்கேயே கோட்டை விடுகிறார்கள். பெயரை ஊரில் சேர்ப்பதா, கல்லூரி இருக்கும் இடத்தில் சேர்ப்பதா என்று முடிவெடுக்காமலே படிப்பு முடிந்துவிடுகிறது. இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்ள முடியாது. ஊர்ப் பிரச்சினையில் அக்கறை இருந்தால் ஊரிலேயே சேருங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. பாதிக்கு மேல் விடுமுறை நாட்கள்தான். பஸ் ஏறிப் போய்விடலாம்.

கூட்டத்துக்குப் போனதும் நாட்டுப் பிரச்சினை முழுவதையும் பேசித் தீர்க்கப் பார்ப்பது அடுத்த சறுக்கல். தெருவிளக்கு, குடிநீர், வடிகால், ஊர்ச் சாலை இவையெல்லாம் ஊராட்சியின் கையில் உள்ளவை. பஸ் விடுவது ஊராட்சியின் வேலை இல்லை. அதற்குத் தீர்மானம் போட்டுப் போக்குவரத்துக் கழகத்துக்கு அனுப்பச் சொல்லலாம், அவ்வளவுதான். எனவே ஒரே ஒரு கோரிக்கையை எடுங்கள். "மேற்குத் தெருவில் நாலு விளக்கு எரியவில்லை, கம்பம் எண் இவை" என்று எழுதிக் கொடுங்கள். பேசி, கைதட்டு வாங்கிவிட்டுக் கிளம்பினால் எதுவும் மிஞ்சாது. தீர்மானப் பதிவேட்டில் ஏறியதா என்று கண்ணால் பார்க்கும்வரை நகராதீர்கள். தீர்மானம் எழுதப்படாத வெற்றுப் பக்கத்தில் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

மாணவர்களின் உழைப்பு அதிகம் வீணாவது தகவல் அறியும் உரிமைச் சட்ட மனுக்களில். 2005-இல் வந்த இந்தச் சட்டம் உண்மையிலேயே பலமான கருவி. ஆனால் "எங்கள் தெருச் சாலை ஏன் ஒரே மழையில் பெயர்ந்தது?" என்று கேட்டால் உருப்படியான பதில் வராது. ஏன், எதற்கு என்று விளக்கம் சொல்ல வேண்டிய கடமை, மனுவுக்குப் பதில் தரும் பொதுத் தகவல் அலுவலருக்கு இல்லை. அலுவலகத்தில் இருக்கிற ஆவணத்தைக் கொடுப்பதுதான் அவர் கடமை. அதனால் அந்தச் சாலைக்கான எஸ்டிமேட், பணி ஆணை, எம் புக் (செய்த வேலையை அளந்து எழுதும் அளவீட்டுப் புத்தகம்) பக்கங்கள், ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்கிய பட்டியல் ஆகியவற்றின் நகல்களைக் கேளுங்கள். எத்தனை செ.மீ. கனத்துக்குப் பணம் கொடுத்தார்கள் என்பது எம் புக்கில் இருக்கும். அதை வைத்துக்கொண்டு சாலையில் டேப் பிடித்து அளந்தால், உங்கள் 'ஏன்' என்ற கேள்விக்கான விடை பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.

மனுவில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுத வேண்டாம். மாணவர் மன்றத்தின் பெயரில் அனுப்பாதீர்கள்; இந்த உரிமை குடிமக்களுக்குத்தான், அதனால் ஒருவர் தன் சொந்தப் பெயரில் கேட்க வேண்டும்.

பதில் வராவிட்டால் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். 30 நாளில் பதில் இல்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதிலும் திருப்தி இல்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்குப் போகலாம். கணக்குப் போட்டால் ஒரு செமஸ்டர் தாண்டிவிடும். ஆகவே குழுவாக இயங்கினால், ஊரை விட்டுக் கிளம்பப் போகிற இறுதியாண்டு மாணவர் பெயரில் மனுப் போட வேண்டாம். விடுதி முகவரியும் வேண்டாம். பதில் விடுமுறையில் வந்து சேர்ந்தால் தபால் திரும்பிப் போய்விடும், மேல்முறையீட்டுக்கான கெடுவும் கடந்துவிடும். வீட்டு முகவரியைக் கொடுத்து, ஸ்பீட் போஸ்ட் ரசீதை மனுவின் நகலோடு சேர்த்து வையுங்கள்.