காதில் ஏறிய தமிழ் வாய்க்கு வராதது ஏன்?

மலேசியாவில் எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், இரண்டு வீடு தள்ளி ஒரு பையன் இருக்கிறான். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். பாட்டி ரப்பர் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். தோட்டத்தை விட்டு எல்லாரும் சுங்கை சிப்புட் தாமான் வீடுகளுக்கு வந்தபோது அவன் கைப்பிள்ளை. தேசியப் பள்ளியில் படித்தான், கூட்டாளிகளெல்லாம் மலாய் பேசுகிறவர்கள். தமிழ் கேட்டால் பாதி புரியும், பேசச் சொன்னால் தலையைச் சொறிவான். போன வருடம் ரோஷம் வந்து கைப்பேசியில் தமிழ் ஒலிப்பாடம் இறக்கிக்கொண்டான். தோட்டத்துக்கும் ஆலைக்கும் நடுவே ஓடும் நேரமெல்லாம் அதுதான் காதில். நாற்பது பாடம் முடிந்த ஒரு சாயங்காலம் என் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, நான் கடைக்குச் செல்கிறேன். தங்களுக்கு ஏதேனும் வேண்டுமா?"

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரருக்கு அடக்க முடியவில்லை, மின்னல் எஃப்எம் செய்தி நம் வாசலுக்கே வந்துவிட்டது என்று சிரித்துவிட்டார். பையன் அதற்குப் பிறகு இரண்டு வாரம் எங்களிடம் மலாயில்தான் பேசினான்.

அதே சமயத்தில் என் தம்பி பெண்சாதியும் ஒலிப்பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஈப்போவில் பிறந்த சீனப் பெண், வீட்டில் கண்டனீஸ். இவர்கள் இருவரும் செய்த தவறுகளும், சொல்லித்தருகிறேன் என்று நான் செய்த தவறுகளும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதல் தவறு பாடத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே நடந்துவிடுகிறது. எழுதும் தமிழ் ஒன்று, பேசும் தமிழ் ஒன்று என்பது நமக்குப் பழகிப்போனதால் அதை யாருக்கும் சொல்லித் தருவதில்லை. சார்லஸ் ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் 1959-ல் அரபு, கிரேக்கம் போன்ற மொழிகளை வைத்து இந்த இரட்டை வழக்கைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார், இன்றும் அதைப் பேசுகிறார்கள். தமிழனுக்கு அந்தக் கட்டுரையே தேவையில்லை. சமையற்கட்டில் ஒரு தமிழ், கோயில் மேடையில் மைக் பிடித்தால் இன்னொரு தமிழ், அவ்வளவுதான். ஆனால் புதிதாகப் படிக்க வருகிறவனுக்கு இது தெரியாது. எழுத்துத் தமிழைக் குரலில் பதிவு செய்து 'பேச்சுத் தமிழ்' என்று பெயர் போட்டால் நம்பிவிடுகிறான்.

பரிசோதிப்பது சுலபம். முதல் பாடத்திலேயே காதைக் கொடுங்கள். 'போகிறேன், வேண்டும், இருக்கின்றது' என்று வந்தால் அது படிப்பதற்கான தமிழ். 'போறேன், வேணும், இருக்கு' என்று வந்தால் பணம் கட்டலாம். இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால், 'இலை' என்பதை 'எலை' என்றும் 'உடம்பு' என்பதை 'ஒடம்பு' என்றும் அந்தக் குரல் சொல்கிறதா என்று கவனியுங்கள். வீட்டில் என்பது 'வீட்ல' ஆக வேண்டும். 'வந்தான்', 'மரம்' போன்ற சொற்களின் கடைசி மெய் மூக்குக்குள் கரைந்து பாதிதான் கேட்க வேண்டும். இதெல்லாம் கொச்சை என்று முகம் சுளிக்கிற ஆசிரியர்கள் உண்டு. அவர்களும் வீட்டில் எலை போட்டுத்தான் சாப்பிடுகிறார்கள்.

அடுத்தது ஒலி. பலரும் தவறான எழுத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். பையன் மூன்று வாரம் 'ழ'வோடு போராடினான், நாக்கை எங்கே மடிப்பது என்று படம் பார்த்துப் பார்த்து. எதற்கு? இந்த ஊரில் பாதிப் பேர் 'வாளப்பளம்' என்றுதான் கேட்கிறோம், கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிறார். ழகரம் பிறகு வரட்டும். வராவிட்டாலும் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள்.

பொருளையே மாற்றுவது குறில் நெடிலும் ஒற்று இரட்டிப்பதும்தான். மலாயில் உயிரை நீட்டினாலும் குறுக்கினாலும் சொல் மாறாது, அதனால் மலாயில் வளர்ந்த காது அந்த அளவைக் கவனிப்பதே இல்லை. பையன் தன் பாட்டியைப் பற்றிப் பெருமையாகச் சொன்னான்: "பாட்டி முப்பது வருஷம் பல் வெட்டினாங்க." பால் வெட்டிய கிழவி பல் வைத்தியர் ஆகிவிட்டார். "நான் லாரி ஓடுறேன்" என்றான். ஓட்டுகிறேன் என்று சொல்ல வந்தவன், லாரியாகவே மாறி ஓடிக்கொண்டிருந்தான்.

இது அவன் காதின் குறை மட்டும் இல்லை. நம் கப்பல் மலாய்க்குப் போய் 'கபால்' ஆனது, கட்டில் 'காத்தில்' ஆனது. இரண்டிலும் இரட்டித்த ஒற்றில் ஒன்று வழியிலேயே உதிர்ந்துபோனது. பல நூறு வருடத்துக்கு முன்னால் கப்பலுக்கு நடந்தது இன்று அவன் வாயில் நடக்கிறது. அதனால் நான் அவனுக்குச் சொன்னது இதுதான்: ஒற்று இரட்டிக்கும் இடத்தில் சிவப்பு விளக்கில் லாரி நிற்பது மாதிரி நாக்கு ஒரு கணம் நின்று பிறகு கிளம்ப வேண்டும். ஓட்–டு. பட்–டு. ஒற்றை 'டு' நிற்காது, வழுக்கிக்கொண்டு போய்விடும், சத்தமும் மெத்தென்று இருக்கும். லாரிக்காரனுக்கு லாரியில் சொன்னால்தான் ஏறுகிறது.

தம்பி பெண்சாதிக்கு இந்தத் தொல்லை வரவே இல்லை. காரணம் அவளே சொன்னாள். கண்டனீஸில் மூன்றுக்கு 'சாம்', மனசுக்கு 'சம்'. நீட்டலும் குறுக்கலும் அவளுக்குத் தாய்ப்பாலோடு வந்தது. பால், பல் முதல் நாளே பிரிந்துவிட்டது. ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து எதைக் கொண்டுவருகிறார்கள் என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே பயிற்சி கொடுப்பது வீண்வேலை.

அதையொட்டி இன்னொன்று. பல ஒலிப்பாடங்களில் விளக்கம் ஆங்கிலத்தில் இருக்கும். 'நாம' என்றால் கேட்கிறவரையும் சேர்த்து, 'நாங்க' என்றால் கேட்கிறவரை விட்டுவிட்டு என்று ஐந்து நிமிடம் சுற்றிச் சுற்றிச் சொன்னார்கள். பையனுக்குத் தலை சுற்றியது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கும்தான். "டேய், கித்தா, காமி" என்றேன். அவ்வளவுதான், முகம் மலர்ந்துவிட்டது. (ரப்பர் கித்தா இல்லை, மலாய்க் கித்தா.) அந்த வேறுபாடு மலாயில் அப்படியே இருக்கிறது, ஆங்கிலத்தில்தான் இல்லை. இருக்கும் பாலத்தை விட்டுவிட்டு ஆற்றில் இறங்குவானேன்? 'சூடா மாக்கான்?' 'பெலும்.' இதையே 'சாப்ட்டாச்சா?' 'இன்னும் இல்ல' என்று கொடுத்தால் மலேசியாவில் வளர்ந்த யாரும் ஒரு தடவையில் பிடித்துக்கொள்வார்கள். மலாயில் 'தீடாக்', 'புக்கான்' இரண்டுக்கும் தமிழில் ஒரே 'இல்ல' என்று சொன்னபோது அவன் கேட்டான்: "அப்போ தமிழ் ஈசியா?" சில இடத்தில் என்றேன். வினை கடைசியில் வருவதை அவன் இன்னும் மன்னிக்கவில்லை.

ஒலிப்பாடத்தைப் பாட்டு மாதிரி ஓடவிடுவது எல்லாரும் செய்யும் தவறு. பையன் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்டிருக்கிறான். கேள்விக்குப் பிறகு சிறிது நேரம் சத்தமே இருக்காது இல்லையா, அதைப் பதிவுக் கோளாறு என்று நினைத்துத் தள்ளிவிட்டிருக்கிறான். பாடமே அந்த மௌனம்தான். நம் வாய் திறப்பதற்காக விட்ட இடம் அது. பதில் தவறாக இருந்தாலும் பரவாயில்லை, குரல் வருவதற்கு முன் நாம் சொல்லிவிட வேண்டும்.

ஒலிப்பாட முறை ஒன்றை உருவாக்கிய பால் பிம்ஸ்லர் என்பவர் 1967-ல் ஒரு கணக்குச் சொன்னார். புதிய சொல்லை 5 விநாடியில் ஒருமுறை நினைவுபடுத்து, பிறகு 25 விநாடியில், 2 நிமிடத்தில், 10 நிமிடத்தில், 1 மணியில், 5 மணியில், 1 நாளில், 5 நாளில், 25 நாளில், 4 மாதத்தில். கடைசியாக 2 வருடத்தில். ஒவ்வொன்றும் முந்தியதைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. மறக்கப்போகும் நேரம் பார்த்துத் தட்டி எழுப்புவதுதான் சூட்சுமம். இந்தக் கணக்கை அப்படியே பிடித்துக்கொண்டு கடிகாரம் பார்க்க வேண்டாம். ஆனால் நாற்பது பாடத்தை நாற்பது நாளில் முடித்தேன் என்று மார்தட்டுவதை விட, காலையில் ஆலைக்குப் போகும்போது கேட்ட பாடத்தையே திரும்பி வரும்போது கேட்பதும், ஐந்து நாள் கழித்து இன்னொரு தடவை கேட்பதும் மேல். லாரி அதற்கு நல்ல இடம். தனியாக உளறினால் சிரிக்க ஆள் இல்லை.

இனி மரியாதை. பாடங்கள் 'நீ'யில் ஆரம்பிக்கின்றன, ஏனென்றால் 'நீ போ, நீ வா' என்றால் வினை சின்னதாக இருக்கிறது. தம்பி பெண்சாதி என் அம்மாவிடம், அதாவது அவள் மாமியாரிடம், அன்பாகக் கேட்டாள்: "நீ பசியாறிட்டியா?" அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தே ஆறிப்போகும்வரை கோப்பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் காதில் விழுந்தது வேறு ஒரு தமிழ். அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார் வேலை வாங்குவதற்காகத் தமிழ் படித்தவர்கள். வா, போ, எடு, வை. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் அவர் அப்பா கேட்ட தமிழ் அது. புதிதாகக் கற்பவர்கள் முதல் நாளிலிருந்து 'நீங்க, வாங்க, சொல்லுங்க' என்றே பழகட்டும். சின்னக் குழந்தையை 'வாங்க' என்று கூப்பிட்டால் கொஞ்சுவதாக எடுத்துக்கொள்வார்கள். மாமியாரை 'வா' என்றால் அப்படி எடுத்துக்கொள்ள வழியில்லை.

அதைவிடப் பத்திரமானது முறை சொல்லிக் கூப்பிடுவது. மலாயில் வயதானவரை 'அவாக்' (நீ) என்று யார் கூப்பிடுகிறார்கள்? மாக்சிக், பாக்சிக் (அத்தை, மாமா) தானே. அதேதான் இங்கேயும். 'அத்தே, பசியாறிட்டீங்களா?' என்று கேட்டால் முடிந்தது. இப்போது அப்படித்தான் கேட்கிறாள், தே சூடாகவே உள்ளே போகிறது.

'பசியாறு' என்ற சொல் எந்த ஒலிப்பாடத்திலும் அவளுக்குக் கிடைக்கவில்லை, நாங்கள்தான் கொடுத்தோம். பாடம் சென்னையில் தயாரானது, அதில் 'டிபன்' சாப்பிட்டு 'ரூபாய்' கொடுத்து 'பைக்'கில் 'ரோட்டில்' போவார்கள். இங்கே பசியாறி, வெள்ளி கொடுத்து, மோட்டாரில் சடக்கில் போகிறோம். இதற்காகப் பாடத்தைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஒரு நோட்டில் நம் ஊர்ச் சொல்லைப் பக்கத்தில் எழுதிக்கொண்டால் போதும்.

கடைசியாக எங்கள் தவறு. தடுமாறுகிறவனைப் பார்த்ததும் இரக்கப்பட்டு மலாய்க்குத் தாவிவிடுகிறோம். சாப்பாட்டுக் கடையில் அவன் "ஒரு ரொட்டி..." என்று இழுத்தவுடன் எதிரில் இருப்பவர் "மாவ் சானாய் கே தெலூர்?" (சானாய் வேணுமா, முட்டை ரொட்டியா?) என்பார். தமிழ் அங்கேயே செத்தது. அதனால் முதல் பத்து வாக்கியத்தில் இந்த மூன்றையும் சேர்த்துவிடுங்கள்: 'தமிழ்லயே சொல்லுங்க.' 'மெதுவா சொல்லுங்க.' 'இன்னொரு தடவ சொல்லுங்க.' பையன் இதைச் சொல்ல ஆரம்பித்த பிறகு கடைக்காரரே விரலால் காட்டிக் காட்டி வகுப்பு எடுக்கிறார். என் வீட்டுக்காரரும் சிரிப்பதை நிறுத்திவிட்டு, அவன் வந்தால் மெதுவாகப் பேசுகிறார். கொஞ்சம் அதிக மெதுவாக, காது கேட்காதவரிடம் பேசுவது போல. சொல்லிப் பார்த்தாயிற்று, கேட்கவில்லை.

எழுத்தை எப்போது தொடங்குவது என்று கேட்பார்கள். ரோமன் எழுத்தில் எழுதிப் பழகுவதை விட்டுத்தான் ஆகவேண்டும், அதில் பாலும் பல்லும் ஒன்றாகிவிடும். ஆனால் முதல் நாளே வேண்டாம். சுமார் முந்நூறு சொல் வாயில் புழங்கட்டும். பையன் ஆறாவது மாதம் ஆரம்பித்தான், பெயர்ப்பலகைகளை வைத்தே. மகாத்மா காந்தி கலாசாலை என்ற பள்ளிப் பலகையை நெடிலெல்லாம் சரியாக நீட்டிப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

போன வாரம் முடி வெட்டிக்கொண்டு நேராக என் வாசலுக்கு வந்தான்.

"அக்கா, அங்க 'முடி திருத்தும் நிலையம்'னு போட்டிருக்கு. நீங்க எல்லாரும் முடிவெட்டுற கடைன்னுதானே சொல்றீங்க?"

"ஆமாடா."

"அப்போ அன்னிக்கி நான் கடைக்குச் செல்கிறேன்னு சொன்னப்ப மட்டும் ஏன் சிரிச்சீங்க?"