பட்டத்தின் பெயரால் வந்த பி.எட். சிக்கல்

என் பட்டச் சான்றிதழில் ‘பி.எஸ்சி. கணிதம் (கணினிப் பயன்பாடு)’ என்று இருக்கும். பி.எட். சேர்க்கையில் அதைப் பார்த்துவிட்டு, "இது கணிதம் ஆகாது, வேறு படிப்பு" என்றார்கள். பாடத்திட்டத்தைக் காட்டினேன், காதில் வாங்கவில்லை.

கடைசியில் கைகொடுத்தது இணைத்தன்மை அரசாணைதான். இப்படிப் பெயர் வேறுபடும் பட்டங்கள் எதற்கு இணை என்று உயர்கல்வித் துறை ஆணை வெளியிடுகிறது. ஆணையில் பல்கலைக்கழகத்தின் பெயர், பட்டத்தின் பெயர் இரண்டும் நம் சான்றிதழோடு எழுத்துப் பிசகாமல் பொருந்த வேண்டும். எங்கள் துறைத் தலைவரிடம் கேட்டேன். நகல் அவரிடமே இருந்தது! சேர்க்கை முடிந்தது. அந்த நகலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பிலும் இதே கேள்வி வரும்.

அப்புறம் இரண்டு வருட பி.எட்., அடுத்து டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாள். மொத்தம் 150 கேள்விகள். அதில் கணிதமும் அறிவியலும் சேர்த்து 60. கணிதம் படித்தவர்களுக்கு அடி விழுவது அறிவியலில்தான். கைடு எதுவும் வாங்காமல், 6 முதல் 10 வரையான பள்ளிப் புத்தகங்களையே படித்தேன், உயிரியலில் தொடங்கி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, அதனால் எதையும் காலியாக விடவில்லை.

டெட் சான்று ஆயுள் முழுக்கச் செல்லும். ஆனால் அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் வேலைக்கு அது தகுதி மட்டுமே. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வைத் தனியாக எழுத வேண்டும்.